ஒரு மூச்சு, ஒரு சொல்

சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் மண்ணின் நடுவில் இருக்கிறது திருவேங்கடம். பருத்தியையும் மக்காச்சோளத்தையும் தீப்பெட்டித் தொழிலையும் நம்பி வாழும் சுற்றுவட்டாரம். இந்தப் பக்கத்தில் கோயில் கொடையோ பொங்கலோ வந்துவிட்டால் ஊர் முகப்பில் பிளக்ஸ் ஏறிவிடும்: மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. முதல் பரிசு எவ்வளவு, சுழற்கோப்பை யார் உபயம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அப்படியொரு இரவை மனத்தில் கொண்டுவாருங்கள். தண்ணீர் தெளித்து இறுக்கிய மண். சுண்ணாம்புக் கோடுகள். கம்பங்களில் கட்டிய விளக்குகளைச் சுற்றிப் பூச்சிகள். இரண்டு அணியும் சம புள்ளி, கடைசி நிமிடம். ஒரு பையன் குனிந்து நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். மூச்சை ஆழ இழுக்கிறான். கோட்டைத் தாண்டுகிறான். எதிரே ஏழு பேர் கைகோத்து அரைவட்டமாக நிற்கிறார்கள். உதவிக்குக் கூட யாரும் வரமுடியாது.

அவனிடம் இருப்பவை இரண்டே. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. அந்த மூச்சு தீரும்வரை விடாமல் சொல்லவேண்டிய ஒரு சொல்.

போராடும் மனம் எப்படி உருவாகிறது என்ற கேள்வியை உளவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதனைக்கூடத்தில் வைத்து ஆராய்ந்துவருகிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் பலவும் இந்த மண்களத்தில் ஒரு மூச்சுக்குள் நடந்து முடிகின்றன. அந்த மூச்சை இழை இழையாகப் பிரித்துப் பார்ப்போம்.

சொல் நின்றால் ஆட்டம் நின்றது

பந்து உண்டு, மட்டை உண்டு, வலை உண்டு என்று உலகின் பல விளையாட்டுகளுக்கு ஏதாவது ஒரு கருவி தேவைப்படுகிறது. கபடிக்குக் கருவி சொல்தான். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஏறிப் போகிறவருக்கு 30 விநாடி. அந்த நேரம் முழுக்க அவர் ‘கபடி கபடி’ என்று தெளிவாக, இடைவிடாமல் சொல்லவேண்டும். பாட்டு அறுந்தால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். எதிரணிக்குப் புள்ளி போய்விடும்.

நம் கிராமங்களில் இதை ‘பாடிப் போவது’ என்பார்கள். சடுகுடு என்ற பெயரே அந்தப் பாட்டின் ஒலிதான். ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்கத்தில் ஹாடுடு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் எல்லாப் பெயரும் வாயில் உருளும் ஒலியாகவே இருப்பதைக் கவனியுங்கள். இந்த விளையாட்டு 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக இடம்பிடித்தது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பிய கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார். 2025-இல் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் இருந்தார். வசதியான பயிற்சிக்கூடங்கள் எட்டாத இடங்களிலிருந்தும் இந்த ஆட்டத்தில் உச்சிக்குப் போக முடிகிறது. போகிறவர்கள் எல்லோருடைய வாயிலும் அதே ஒரு சொல்.

பயம் உடம்பில் பேசும்

நடுக்கோட்டைத் தாண்டும் அந்த நொடியில் பையனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? மூளையின் அடியில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று குரல் கொடுக்கிறது. சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குப் பாய்கிறது. வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘சண்டையிடு அல்லது ஓடு’ என்று அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் பெயர் வைத்தார்.

இதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை. சாம்பியனுக்கும் இதயம் இதேபோல்தான் அடிக்கிறது. வேறுபாடு, அந்த அடிப்பை மனம் என்னவென்று படிக்கிறது என்பதில் இருக்கிறது. ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பாடவோ பேசவோ வேண்டியிருந்தவர்களிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்றவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். பாட்டிலும் உற்சாகம் என்று சொன்னவர்களே முந்தினார்கள். படபடக்கும் உடம்பிடம் அமைதி என்று சொன்னால் அது நம்பாது. உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும் என்பதால் அந்தச் சொல்லை உடம்பு ஏற்றுக்கொள்கிறது.

நமக்கு முதல் பாடம் இங்கே கிடைக்கிறது. உடம்பு உணர்வதோடு ஒத்துப்போகிற சொல்தான் வேலை செய்யும்.

வாய் பாடும்போது கவலை பேசாது

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இதுவரை பார்த்திராத பத்து இலக்க எண் ஒன்றை ஒருமுறை படித்து, கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள். ஓரளவு வந்துவிடும். இப்போது ‘கபடி கபடி கபடி’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேறொரு பத்து இலக்க எண்ணைப் படித்து, அதை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். பாதியில் கை நின்றுவிடும்.

நினைவைப் பற்றிய ஆய்வில் இது புகழ்பெற்ற விளைவு. பிரிட்டிஷ் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாட்டின்படி, சொற்களைச் சில விநாடி பிடித்துவைத்துக்கொள்ள மூளையில் ஒரு சிறிய ஒலிச்சுற்று இருக்கிறது. எண்ணை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது அங்கேதான். வாய் வேறொரு சொல்லை விடாமல் சொன்னால் அந்தச் சுற்று நிரம்பிவிடுகிறது, எண்ணுக்கு இடமில்லை.

கவலைக்கும் அதே இடம்தான் தேவை. தாமஸ் போர்கோவெக்கின் ஆய்வுகள் காட்டியபடி, மனிதர் கவலைப்படுவது பெரும்பாலும் படங்களாக அல்ல, வாக்கியங்களாக. ‘பிடிச்சிருவானோ, ஊரே பாக்குதே, போன தடவையும் இப்படித்தானே ஆச்சு’ என்று ஒரு குரல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஏறிப் போகிறவரின் நாக்கும் ஒலிச்சுற்றும் ‘கபடி’யால் நிறைந்திருக்கும்போது அந்தக் குரலுக்குப் பேச இடம் குறுகிவிடுகிறது. விதியைப் பொறுத்தவரை அந்தப் பாட்டு மூச்சை அளக்கும் கருவி. பாடுகிறவரின் மனத்துக்கோ அது ஒரு காவல்.

கவலை செய்யும் இன்னொரு கேடும் உண்டு. கைவந்த வேலையை அது கலைத்துவிடும். சயன் பைலாக் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் தங்கள் அடியின் ஒவ்வொரு படியையும் கவனித்தபடி ஆடச் சொன்னபோது அவர்கள் ஆட்டம் கெட்டது. கால்பந்தில் கற்றுக்குட்டிகளுக்கோ அதேபோன்ற கவனிப்பு உதவியது. படியிறங்கும்போது எந்தக் கால் முன்னே என்று யோசித்துப் பாருங்கள், தடுமாறுவீர்கள். பயத்தில் நாம் எல்லோரும் இப்படிக் கற்றுக்குட்டிகளாகத் திரும்பிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் 2008-இல் நடந்த கோல்ஃப் ஆய்வொன்று மாற்றுவழியைக் காட்டியது: படிப்படியாக யோசிப்பதற்குப் பதில், முழு அசைவையும் உணர்த்தும் ஒரே சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டவர்களின் ஆட்டம் நெருக்கடியிலும் நிலைத்து நின்றது.

மூச்சு வெளியே போகும்போது

இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பாருங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். பிறகு அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும் விடும்போது தளர்வதையும் பலரால் உணர முடியும். ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847-இலேயே இதைப் பதிவுசெய்தார். மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் நேரத்தில் இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் வேலையைக் கூடுதலாகச் செய்கிறது.

பேச்சும் பாட்டும் மூச்சு வெளியேறும்போதுதான் நடக்கின்றன. எனவே எந்தச் சொல்லை நீட்டிச் சொன்னாலும் நாம் வெளிமூச்சையே நீட்டுகிறோம். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் 23 பேரைக் கத்தோலிக்க ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைத்தன. இதயத்தின் ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தின் அலையும் அந்தத் தாளத்தோடு இணைந்தன. மொழி வேறு, சமயம் வேறு. உடம்பு ஒரே பதிலைத் தந்தது.

திருவேங்கடத்துக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி முன்னால் இருக்கும் சக்கரத்தில் மனம் கலங்கியவர்கள் வந்து அமர்ந்து அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது காலங்காலமாக நடந்துவருகிறது. அவர்கள் நம்பிக்கையின் ஆழத்தை அளக்க அறிவியலிடம் அளவுகோல் இல்லை. ஆனால் ஒரே பெயரை நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறவரின் மூச்சு சீராகிறது, இதயம் தணிகிறது என்பதை அளக்க முடியும்.

களத்தில் இருப்பவருக்கு அத்தனை அமைதி உதவாது. அவருக்கு வேகமும் வேண்டும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே நிதானமாக மூச்சு விட்டுத் தணிந்துகொள்கிறார். தாண்டிய பிறகு குறுகிய சொல்லால் மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார். போருக்கு முன் ஒரு தாளம், போரில் ஒரு தாளம்.

புகழுரை எப்போது புண்படுத்தும்

‘உன்னால் முடியும் என்று தினம் நூறு தடவை சொல்லிக்கொள்’ என்று அறிவுரை சொல்கிற புத்தகங்கள் ஏராளம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழுவினர் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குரியவன்’ என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்கு மனநிலை சற்று மேம்பட்டது. தன்மதிப்புக் குறைந்திருந்தவர்களுக்கோ, எதுவும் சொல்லாதவர்களைவிட மனநிலை மோசமானது. அந்த வாக்கியம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே அது காயப்படுத்தியது. உள்ளே இருக்கும் சாட்சி ஒவ்வொரு தடவையும் எழுந்து ‘பொய்’ என்று சொல்லியிருக்கும்.

தொல்காப்பியம் செய்யுளியலில் மந்திரத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, அதைச் சொல்கிறவர் நிறைந்த மொழியுடையவராக இருக்கவேண்டும் என்கிறது. சொல்லுக்குப் பின்னால் ஆள் நிற்கவேண்டும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஆளும் சொல்லும் பிரிந்தால் அது வெறும் சத்தம்.

ஆகவே மந்திரத்துக்கு முன்னால் வேறொன்று வேண்டும்: தன்னை அறிவது. திருக்குறளில் வலியறிதல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்ட பிறகே இறங்கு என்பது அதன் தொடக்கம். நான்கில் எடைபோடக் கடினமானது தன் வலிமைதான். மற்ற மூன்றையும் வெளியிலிருந்து பார்க்கிறோம். தன்னை உள்ளிருந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

உள்ளே பார்க்கும் திறனுக்கும் மூளையில் இடமுண்டு. நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக, மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி இதயத்துடிப்பு, மூச்சு, வயிற்றின் இறுக்கம் போன்ற உள்செய்திகளைத் திரட்டுகிறது. நாடியைத் தொடாமல் தன் இதயத்துடிப்பைச் சரியாக உணர்கிறவர்களிடம் அந்தப் பகுதி கூடுதலாக இயங்குவதை ஹ்யூகோ கிரிட்ச்லி குழுவினர் 2004-இல் கண்டார்கள். லண்டனில் நிதிச்சந்தை வியாபாரிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. தங்கள் இதயத்துடிப்பைத் துல்லியமாக உணர்ந்த வியாபாரிகளே கூடுதல் லாபம் ஈட்டினார்கள். அந்தக் கடுமையான தொழிலில் நீண்டகாலம் தாக்குப்பிடித்தவர்களும் அவர்களே.

பாடிப் போகிறவருக்கு இந்த அறிவு உயிர்நாடி. மூச்சு முட்டுகிறது என்று நாம் உணர்வது ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியதை மூளைத்தண்டு மோப்பம் பிடித்து முன்கூட்டியே மணி அடிக்கிறது. அந்த மணிக்கும் உண்மையான எல்லைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. எவ்வளவு இடம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், பயிற்சியால் கூடும். மணி கேட்டதுமே பதறித் திரும்புகிறவர் தொடக்கூடிய ஆளையும் தொடாமல் வருகிறார். மணியையே மதிக்காதவர் பாதி வழியில் பாட்டு அறுந்து நிற்கிறார். தன் மணியின் குரலைப் பழகியவருக்குத்தான் இன்னும் எத்தனை ‘கபடி’ மிச்சம் என்பது தெரியும்.

‘ஏலே, நில்லு’

குழந்தைகள் தனியாக விளையாடும்போது கவனித்திருப்பீர்கள். ‘இத இங்க வைக்கணும், இல்ல இல்ல, அங்க’ என்று தமக்குத் தாமே பேசிக்கொள்ளும். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி இதைப் பேதைமையாகப் பார்க்கவில்லை. பெரியவர்கள் வெளியிலிருந்து கொடுத்த கட்டளைகளைக் குழந்தை தன் வாயால் தனக்கே சொல்லி, மெல்ல உள்ளே இறக்கிக்கொள்கிறது என்றார். வளர வளர அந்தக் குரல் மௌனமாகி உள்பேச்சாகிறது. கனடாவின் டொனால்டு மைக்கன்பாமும் ஜோசப் குட்மனும் 1971-இல், அவசரப்பட்டுத் தவறு செய்யும் சிறுவர்களுக்கு ‘இப்ப நான் என்ன செய்யணும்? மெதுவா’ என்று தமக்குத் தாமே சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் உரக்க, பிறகு முணுமுணுப்பாக, கடைசியில் மனத்துக்குள். அவர்களின் தவறுகள் குறைந்தன. நாம் இழந்துவிட்ட குழந்தைப் பழக்கம் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டதுபோல அந்த முறை அமைந்தது.

அந்தப் பேச்சில் நம்மை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதும் முக்கியம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப்பேச்சுக்கு முன் ‘நான் ஏன் பதறுகிறேன்’ என்று யோசித்தவர்களைவிட, தங்கள் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ தங்களோடு பேசியவர்கள் பதற்றம் குறைந்து நன்றாகப் பேசினார்கள். பெயர் சொல்லி அழைத்ததும் நாம் நமக்கே ஒரு அண்ணனாக, ஒரு பயிற்சியாளராக மாறி ஓரடி தள்ளி நிற்கிறோம். நண்பனின் சிக்கலுக்கு நமக்கு வழி தெரிவதுபோல நம் சிக்கலுக்கும் தெரியத் தொடங்குகிறது.

நெல்லைச் சீமையில் இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டதில்லை. ‘ஏலே, பதறாத. இடது கார்னர் சும்மா நிக்கான், கால நீட்டு’ என்று களத்தின் ஓரத்திலிருந்து ஒரு மூத்தவர் குரல் கொடுப்பார். பல வருடம் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பையன், ஒருநாள் தனக்குத் தானே அதே ‘ஏலே’யைச் சொல்லிக்கொள்வான். வைகோட்ஸ்கி சொன்ன பயணம் அதோடு நிறைவடைகிறது.

நெடுமொழி, வஞ்சினம், திட்டம்

பழைய சடுகுடுவில் ஒற்றைச் சொல் மட்டும் இருக்கவில்லை. தான் யாருடைய பேரன், எந்த ஊர்க்காரன், எதற்காக வந்திருக்கிறான் என்று ஒரு முழுப் பாட்டே பாடிக்கொண்டு ஏறுவார்கள். அந்தப் பாட்டின் வேர் வெகு ஆழத்தில் இருக்கிறது. வீரன் தன் மேம்பாட்டைத் தானே எடுத்துச் சொல்வதை நம் புறப்பொருள் இலக்கணம் நெடுமொழி என்ற துறையாக வகுத்தது. இன்னதைச் செய்யாவிட்டால் எனக்கு இன்ன இழிவு வரட்டும் என்று உறுதி கூறுவது வஞ்சினம். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் பாட்டு அந்த வகை. எதிர்த்து வந்த வேந்தர்களை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும் என்று அவன் தன் பெருமை முழுவதையும் பணயம் வைக்கிறான்.

நெடுமொழி, நான் யார் என்று சொல்கிறது. வஞ்சினம், எதை இழக்கத் துணிந்தேன் என்று சொல்கிறது. மூன்றாவதாக ஒன்றை இக்கால உளவியல் சேர்க்கிறது: இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்ற திட்டம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ‘வெற்றி பெறுவேன்’ என்று மட்டும் உறுதி எடுத்தவர்களைவிட, இப்படித் திட்டம் வைத்துக்கொண்டவர்கள் இலக்கை அடைவது தெளிவாகக் கூடியிருந்தது. ‘காலைப் பிடித்தால் நடுக்கோட்டை நோக்கி விழுவேன்’ என்று முன்கூட்டியே முடிவெடுத்தவருக்கு, பிடி விழுந்த நொடியில் யோசிக்க எதுவும் மிச்சமில்லை. கை தானாகக் கோட்டைத் தேடும்.

உங்கள் சொல்லைக் கண்டெடுப்பது

இத்தனையும் கபடிக்காரருக்கு மட்டும் உரியவை அல்ல. நேர்காணலுக்குப் போகிறவருக்கும், முதல்முறை மேடையேறும் பெண்ணுக்கும், கடனை அடைக்கப் போராடும் விவசாயிக்கும் இதே உடம்பு, இதே மூளை.

முதலில் ஒரு நோட்டு. பதற்றமான எதையாவது கடந்துவந்த ஒவ்வொரு நாளும் மூன்றே வரி எழுதுங்கள். பயம் உடம்பில் எங்கே தொடங்கியது? அப்போது மனத்தில் ஓடிய வாக்கியம் என்ன? அதற்குப் பின் செய்த தவறு எது? சில வாரங்களில் உங்கள் பயத்துக்கு ஒரு முகம் வந்துவிடும். ஒருவருக்கு அது தொண்டையில் தொடங்கி அவசரமாக முடியும். இன்னொருவருக்கு வயிற்றில் தொடங்கி உறைந்துபோவதில் முடியும். அவசரக்காரருக்கு ‘நிதானம்’ மருந்து. உறைந்துபோகிறவருக்கு அதே சொல் விஷம். அவருக்கு ‘எட்டு வை’ வேண்டும். அடுத்தவர் மந்திரத்தைக் கடன் வாங்கமுடியாமல் போவது இதனால்தான்.

பிறகு சொல். அது ஒரு வெளிமூச்சுக்குள் அடங்கவேண்டும். அடுத்து செய்யவேண்டியதைச் சுட்டவேண்டும். உள்ளே இருக்கும் சாட்சி மறுக்க முடியாத உண்மையாக இருக்கவேண்டும். ‘நான் தோற்கவே மாட்டேன்’ என்பதைச் சாட்சி மறுக்கும். ‘ஆயிரம் தடவை ஏறியிருக்கேன், இதும் ஒண்ணு’ என்பதை மறுக்காது. ஆயிரம் தடவை ஏறியிருந்தால்.

கடைசியாகப் பழக்கம். கிரேக்கத்தின் ஆண்டனிஸ் ஹட்ஸிகியோர்கியாடிஸ் குழுவினர் 2011-இல் 32 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தன்னோடு பேசுவது ஆட்டத்தை மிதமான அளவில் உறுதியாக உயர்த்துகிறது என்றும், பேசப் பயிற்சி பெற்றவர்களுக்கே பயன் கூடுதல் என்றும் தெரிந்தது. 2014-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில் 24 பேர் களைத்து விழும்வரை சைக்கிள் மிதித்தார்கள். அவர்களில் ஒரு பாதியினர் தாங்களே தேர்ந்தெடுத்த வாக்கியங்களை இரண்டு வாரம் பழகிவிட்டு மறுபடி மிதித்தபோது, தாக்குப்பிடித்த நேரம் 18 சதவீதம் கூடியது. கால் அதே கால்தான். களைப்பு தாங்கமுடியாதது என்று மனம் முடிவெடுக்கும் இடம்தான் தள்ளிப்போனது. பரீட்சை அறை வாசலில் முதல்முறையாகச் சொல்லப்படும் மந்திரத்துக்கு அந்த வலு இருக்காது. வியர்வையோடு சேர்த்துப் பழகிய சொல்லே வியர்க்கும்போது வந்து நிற்கும்.

கோட்டுக்குத் திரும்புவது

கபடியில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. அவுட் ஆனவர் அதோடு முடிந்துபோவதில்லை. தன் அணி ஒருவரை வீழ்த்தினால் அவர் மீண்டும் களத்துக்குள் வருகிறார். மற்ற ஆட்டங்களிலும் அப்படித் திரும்பி வருகிறவர்கள் உண்டு. 2024-இல் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ், உலக சதுரங்கப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே டிங் லிரெனிடம் தோற்றார். மூன்றாவதில் வென்றார். பதினொன்றில் முன்னிலை பெற்று, பன்னிரண்டில் அதை இழந்தார். பதினான்காவது ஆட்டத்தில் வென்று, 7.5-க்கு 6.5 என்று பட்டத்தைக் கைப்பற்றினார். அவரோடு மனப்பயிற்சியாளராகப் பணியாற்றியவர் பேடி அப்டன். அந்த 14 ஆட்டங்களில் நான் பார்த்தது, விழாத மனிதரை அல்ல. விழுந்ததும் அடுத்த ஆட்டத்துக்குள் முழுதாகத் திரும்பி வரத் தெரிந்த ஒருவரை.

மின்னொளிக் களத்துப் பையனிடம் திரும்புவோம். அவன் வலது ஓரத்துக்காரனின் முழங்காலைத் தொட்டுவிட்டான். கூட்டம் கத்துகிறது. அவன் இன்னும் எதிரிகளின் நடுவில்தான் இருக்கிறான். புள்ளி இன்னும் அவனுடையதாகவில்லை. இரண்டு கைகள் அவன் கணுக்காலைத் தேடுகின்றன. நெஞ்சுக்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. இன்னொருவனையும் தொடலாம் என்று ஆசை சொல்கிறது. எத்தனை ‘கபடி’ மிச்சம் என்பதை அறிந்த அவன் உடம்பு வேறொன்று சொல்கிறது. அவன் உடம்பின் பேச்சைக் கேட்கிறான். பாட்டு அறுபடாமல், முகத்தை எதிரிகளிடமிருந்து திருப்பாமல், பின்னங்காலால் கோட்டைத் தேடுகிறான்.

கால் சுண்ணாம்பைத் தாண்டுகிறது. அப்போதுதான் அவன் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, புதிதாக ஒரு மூச்சு இழுக்கிறான்.